தம்மம்பட்டியில் ஒரு உளி

செப்டம்பர் 28, ஞாயிறு: ஆத்தூர் வழியாக

காலாண்டு விடைத்தாள் கட்டை ஒப்படைத்த கையோடு பேருந்து ஏறிவிட்டேன். பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கிறது. அந்த ஒரு வாரம் மரவேலை கற்றுக்கொள்ள என்று மூன்று மாதமாகவே மனதுக்குள் போட்டு வைத்திருந்தேன்.

சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டி மரச்சிற்பத்துக்குப் பேர்போன ஊர். கோயில் வாகனம், தேர்ச் சிற்பம், வாசற்கால், பூஜையறைக் கதவு என்று தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் நாலு முறை போனில் பேசினேன். முதல் மூன்று முறையும், "இங்க வந்து கத்துக்க என்ன டீச்சர் இருக்குது? சிலை வேணும்னா சொல்லுங்க, செஞ்சு அனுப்பிடறோம்" என்றார். நாலாவது முறைதான் இறங்கி வந்தார். "ஒரு வாரத்துல சாமியெல்லாம் செதுக்க முடியாது. உளி பிடிக்கக் கத்துக்கலாம். அதுக்குச் சம்மதம்னா வாங்க."

ஆத்தூரில் இறங்கும்போது பகல் இரண்டு மணி. பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்யும் புரட்டாசி என்பார்கள். இன்றைக்குக் காய்கிற முறை. பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு தள்ளுவண்டியில் தட்டுவடை செட் 30 ரூபாய். பீட்ரூட், கேரட் துருவலை நடுவில் வைத்து இரண்டு சட்னி தடவி, பிளாஸ்டிக் தட்டில் ஐந்தைந்தாக அடுக்கிக் கொடுத்தார். பக்கத்தில் நின்று சாப்பிட்ட கல்லூரிப் பெண், "அக்கா, காரச் சட்னிய இன்னும் கொஞ்சம் கேளுங்க, காசு வாங்க மாட்டாரு" என்று காதோடு சொன்னாள். கேட்டேன். வாங்கவில்லை.

அங்கிருந்து தம்மம்பட்டி வரைக்கும் குச்சிக்கிழங்குக் காடும் பாக்குத் தோப்பும் மாறி மாறி வருகின்றன. ஜவ்வரிசி ஆலைகளின் புளித்த மாவு வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. ஊருக்கு ஒரு பக்கம் கொல்லிமலை, இன்னொரு பக்கம் பச்சைமலை. சிற்பக் கடைகள் சாலையோரமாகவே இருக்கின்றன. ஆள் உயர விநாயகர் ஒருவர் பாலிஷ் போடாமல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தார்.

பெரியவர் என் இரண்டு கையையும் நீட்டச் சொல்லிப் பார்த்தார். "சாக்பீஸ் பிடிச்ச கை. பரவால்ல. காலையில ஏழு மணி. துப்பட்டா வேண்டாம், முடிய நல்லா இறுக்கிக் கட்டிட்டு வாங்க." ஒரு நாளைக்கு 800 ரூபாய் என்று பேசிக்கொண்டோம். என்னால் அவர் வேலை கெடுகிறது, அதற்குத்தான் இந்தக் காசு. கற்றுக்கொடுப்பதற்குக் காசு வாங்குவதில்லை என்று அவராகவே பிரித்துச் சொன்னார்.

லாட்ஜ் அறை 600. மின்விசிறி சுற்றுகிறது. அது போதும்.

செப்டம்பர் 29, திங்கள்: சாணைக்கல்லில் ஒரு பகல்

ஏழு மணிக்கே தெருவில் கொட்டாப்புளிச் சத்தம், அதாவது உளியை அடிக்கிற மரச்சுத்தியலின் சத்தம், கேட்க ஆரம்பித்துவிடுகிறது. ஒரு வீட்டில் தொடங்கி எதிர்வீட்டில் முடிகிற மாதிரி இருக்கிறது. பெரியவர் ஒரு கோணிப்பையை விரித்து உளிகளை வரிசையாக அடுக்கினார். எண்ணிப் பார்த்தேன், 43. தட்டை வாய், வளைந்த வாய், மூலைக்குள் போகிற கூர் வாய், நெல்மணி அகலத்தில் ஒன்று, நாலு விரல் அகலத்தில் ஒன்று. கடையில் வாங்கியது இரண்டே இரண்டு. மற்றதெல்லாம் உள்ளூர்க் கொல்லரிடம் சொல்லிச் செய்தது. சிலது அவருடைய அப்பா காலத்து உளி, தீட்டித் தீட்டி விரல் நீளத்துக்குக் குறைந்து போயிருக்கிறது.

"இதுல எது எனக்குங்க ஐயா?"

"எதுவும் இல்ல. உங்களுக்கு ஒண்ணு நீங்கதான் செய்யணும். அதுக்கு முன்ன தீட்டப் பழகுங்க."

காலை முழுக்க ஒரு பழைய பட்டை உளியை எண்ணெய்க் கல்லில் தேய்த்தேன். பார்க்கச் சுலபமாக இருக்கிறது. சாய்வு மாறாமல் தேய்க்க வேண்டும் என்பதுதான் அதில் உள்ள எல்லாக் கஷ்டமும். கை முன்னால் போகும்போது மணிக்கட்டு தானாக உயர்கிறது. உயர்ந்தால் வாய் உருண்டுவிடுகிறது. பெரியவர் என் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, "கையால தேய்க்காதீங்க, இடுப்பால ஆடுங்க" என்றார். அரை மணி நேரத்தில் இடுப்பு ஆடப் பழகியது. முதுகுப் பக்கம் விரலால் வருடினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். அது வாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விடாமல் வந்திருந்தால் அந்தப் பக்கம் முடிந்தது என்று அர்த்தம். பிறகு உளியைக் கவிழ்த்து, முதுகைக் கல்லில் படுக்கவைத்து, அந்தப் பிசிறை எடுக்க வேண்டும்.

கூர் வந்துவிட்டதா என்று அவர் விரலில் பார்ப்பதில்லை. மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் ஒரு சீவு. சீவிய இடம் தண்ணீர் தெளித்த மாதிரி மின்னினால் கூர் வந்துவிட்டது. வெள்ளை வெள்ளையாகச் சிராய் தெரிந்தால் மறுபடியும் கல்லுக்குப் போ. நான் ஆறு முறை கல்லுக்குப் போனேன். ஏழாவது முறை மின்னியது. அந்தச் சின்ன மினுமினுப்பைச் சாப்பாட்டு நேரத்திலும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

மதியம் அவர்கள் வீட்டில் ராகிக் களியும் கீரைக் கடைசலும். அந்த வீட்டு அம்மா களி உருண்டையில் குழி செய்து கீரையை ஊற்றி, "மென்னு சாப்பிடக் கூடாது கண்ணு, முழுங்கணும்" என்று சொல்லிக்கொடுத்தார். புரட்டாசி என்பதால் தெருவில் யார் வீட்டிலும் கறி இல்லை.

பிற்பகல் கொட்டாப்புளி. புளியமரத்து வைரம், அதாவது கெட்டியான நடுமரம். அது இரும்புக்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்த மரம். நார் பின்னிப் பின்னிக் கிடப்பதால் அடி வாங்கினாலும் பிளப்பதில்லை. கறிக்கடை முட்டிக்கும் புளியங்கட்டையைத் தேடுவது இதனால்தான். வாச்சி என்கிற செதுக்குக் கோடரியால் தட்டையாக்கி, ரம்பத்தால் கைப்பிடிப் பக்கத்தைக் குறைத்து, கடைசியில் அரத்தால் உருட்டினோம். முக்கால்வாசி வேலை அவருடைய மகன் செய்தது. நான் செய்த கால்வாசியிலேயே உள்ளங்கையில் இரண்டு கொப்புளம்.

அந்தப் பட்டறையில் வாகைப் பலகை அறுக்கிறார்கள். அந்தத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. நான் தும்மிக்கொண்டே இருந்தேன். மகன் ஒரு ஈரத் துண்டைக் கொடுத்து மூக்கில் கட்டச் சொன்னார். "எனக்குப் பத்து வயசுல ஆரம்பிச்ச தும்மல், இருபதுலதான் நின்னுச்சு டீச்சர்" என்றார். முகக்கவசம் போட்டால் மூச்சு முட்டுகிறதாம். எனக்கு இது மனசுக்கு ஒப்பவில்லை. நல்ல கவசம் நாலு வாங்கி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்: உலை

கொல்லர் பட்டறை ஊருக்கு வெளியே வேப்பமரத்தடியில். தகரக் கூரை, மண் உலை, பக்கத்தில் கரி மூட்டை. துருத்தி இருந்த இடத்தில் இப்போது மின்விசை ஊதி. கொல்லர் ஒரு பலகையில் தாழ உட்கார்ந்து இடுக்கியால் இரும்பைப் பிடிக்க, அவர் மனைவி நின்றபடி சம்மட்டி போடுகிறார். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தானாம். அவர் சின்னச் சுத்தியலால் எங்கே தட்டிக் காட்டுகிறாரோ, அதே இடத்தில் அந்தம்மாவின் சம்மட்டி விழுகிறது. பேச்சே கிடையாது. போதும் என்பதற்கு, இரும்பை வைத்து அடிக்கிற அடைகல்லில் வெறும் சுத்தியலால் ஒரு தட்டு.

உளிக்கு இரும்பு லாரிப் பட்டை, அதாவது வண்டிக்கு அடியில் அடுக்கடுக்காக இருக்கும் வில்பட்டை. காயலான் கடையில் கிலோ 70 ரூபாய்க்கு எடுத்தது. நாமக்கல் பக்கத்திலேயே இருக்கும்போது லாரிப் பட்டைக்கு என்ன பஞ்சம்! வீடு கட்டுகிற சாதாரணக் கம்பியில் கரிச்சத்து கால் சதவீதம்தான் இருக்கும். அதை எவ்வளவு காய்ச்சி நனைத்தாலும் கூர் நிற்காது. வில்பட்டையில் அரை சதவீதத்துக்கு மேல். இத்தனை நுணுக்கமான கணக்கை வகுப்பில் கரும்பலகையில் எழுதிவிட்டுப் போய்விடுகிறேன். இங்கே கொல்லர் இரண்டு துண்டையும் சாணைச் சக்கரத்தில் ஒரு நொடி வைத்துக் காட்டினார். கம்பியிலிருந்து நீளமான பொறி, சாதுவாக. பட்டையிலிருந்து மத்தாப்பு மாதிரி கிளை கிளையாகப் பிரிகிற பொறி. "பூ விடுதுல்ல, அதான் நல்ல இரும்பு." ஒன்பதாம் வகுப்புக்கு இதைக் காட்டிவிட்டால் அப்புறம் நான் பேசவே வேண்டியதில்லை.

எனக்குச் சம்மட்டி கொடுத்தார்கள். ஆறு கிலோ. அந்தம்மா பின்னால் நின்று, "தூக்குறதுதான் உங்க வேலைங்க்கா. கீழ விழறது அதோட வேலை. அமுக்காதீங்க" என்றார். இருபது அடிக்குள் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. ஆனால் சிவந்த இரும்பு அடிக்குக் கீழே களிமண் மாதிரி ஒதுங்குவதைக் கை வழியாக உணர்ந்தது இன்னும் உடம்பில் இருக்கிறது.

ஒரு பக்கம் வாயைத் தட்டையாக இழுத்து, மறுபக்கம் கைப்பிடிக்குள் போகிற வாலைக் கூராக்கி, சாம்பலில் புதைத்து வைத்தோம். மெதுவாக ஆறினால்தான் அரம் கடிக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் அரம் போட்டு வாயைச் சாய்த்தேன். சாயங்காலம் தோய்ச்சல், அதாவது காய்ச்சிய வாயைத் தண்ணீரில் நனைத்து இறுகவைப்பது.

தவறு நடந்தது அங்கேதான். கோவைப்பழச் சிவப்பு வந்ததும் எடுக்கணும் என்று சொல்லியிருந்தார். அந்த நிறத்தை வெயிலில் பார்க்க முடியாது என்று தென்னங்கீற்றுத் தட்டியை இழுத்து இருட்டாக்கினார்கள். நிறம் வந்தது. எடுத்தேன். வாயை மட்டும் ஒரு விரற்கடை நனைக்கச் சொன்னதைப் பதற்றத்தில் மறந்துவிட்டு, முழு உளியையும் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிவிட்டேன்.

'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

யாரும் பேசவில்லை. கொல்லர் வாங்கித் துடைத்து விளக்கடியில் பிடித்தார். வாயிலிருந்து மேலே நகக்கீறல் மாதிரி ஒரு கோடு. வெளித்தோல் ஒரே நொடியில் இறுகி விறைத்துவிட, உள்ளே இருக்கிற இரும்பு பின்னால் இறுகி விரியும்போது இடம் இல்லாமல் அந்தத் தோலை இழுத்துப் பிளந்துவிடுகிறது. காரணம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் ஒரு நாள் உழைப்பு, மூன்று பேர் உழைப்பு, ஒரு நொடியில் போனது. தொண்டை அடைத்துவிட்டது. மன்னிப்புக் கேட்டேன்.

"எத்தனை போச்சுன்னு எங்களுக்கே கணக்கு இல்லீங்க. நாளைக்கு உலை மூட்ட மாட்டோம், ஆயுத பூஜை. நாளன்னிக்கு விஜயதசமி, அன்னிக்கு வாங்க. வேற பட்டை வெட்டலாம்" என்று கொல்லர் சொன்னார்.

நான் லாட்ஜுக்குப் போய்ச் சேர்வதற்குள் புரட்டாசி தன் இரண்டாவது முறையைத் தொடங்கிவிட்டது. இடி, காற்று, இரண்டு மணி நேரம் மின்சாரம் இல்லை. இருட்டில் பரோட்டாக் கடைக்காரர் மெழுகுவத்தி வெளிச்சத்தில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். வெறும் சால்னா கிடைத்தது, இரண்டு பரோட்டாவோடு 40 ரூபாய்.

அக்டோபர் 1, புதன்: கருவிகள் ஓய்வெடுத்த நாள்

விடுமுறை நாள்தானே, வேலை நடக்கும் என்று நினைத்துத் திட்டம் போட்டவள் நான். கைவினைஞர் ஊரில் ஆயுத பூஜை என்றால் என்னவென்று இன்றைக்குத்தான் கண்டேன். காலையில் 43 உளியும் எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளைகள் மாதிரி பலகையில் வரிசையாக இருந்தன. இழைப்புளி, ரம்பம், அரம், வாச்சி, மூலமட்டம் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு, குங்குமம். அந்த வரிசையின் ஓரத்தில் என் புளியங்கொட்டாப்புளிக்கும் ஒரு பொட்டு. அதற்குப் பக்கத்தில் விரிசல் விட்ட என் உளி. கொல்லர் ராத்திரியே கொடுத்தனுப்பியிருக்கிறார். "உடைஞ்சாலும் ஆயுதம்தான். வெளிய போடக் கூடாது" என்றார் அம்மா.

பொரி, கடலை, சுண்டல், வெண்பூசணி. சாமந்தி கால் கிலோ 80 ரூபாய், நேற்று 50 இருந்ததாம். நாளைக் காலை வரை எந்தக் கருவியையும் தொடக் கூடாது.

கையில் வேலை இல்லாததால் பெரியவர் பேசினார். இந்த வாரத்திலேயே அதிகம் கற்ற நாள் இது என்றுகூடச் சொல்வேன். ஒரு காகிதத்தை நீளமாகக் கிழித்து, சிலையின் உயரம் இதுதான் என்று வைத்துக்கொண்டு மடிக்க ஆரம்பித்தார். சாஸ்திரத்தில் அளவுக்குத் தாலம் என்று பெயர். முகத்தின் நீளம் ஒரு தாலம், அது 12 அங்குலம். இந்த அங்குலம் நம் ஸ்கேலில் இருக்கிற அங்குலம் இல்லை. சிலையின் உயரத்தைப் பங்கு போட்டால் வருகிற ஒரு பங்கு. நவதாலம் என்றால் 108 பங்கு. சிவன், பெருமாள் மாதிரிப் பெரிய தெய்வங்களுக்கு உத்தம தசதாலம், 124 பங்கு. அம்மனுக்கு மத்திம தசதாலம், 120. பிள்ளையாருக்கு ஐந்தே தாலம். அவர் குட்டையாகக் குண்டாக மனசுக்கு நெருக்கமாக இருப்பது இந்தக் கணக்கால்தான். நெற்றி இவ்வளவு, மூக்கு இவ்வளவு, மோவாய் இவ்வளவு என்று மடித்த காகிதத்தை என்னிடம் கொடுத்தார். அரையடிச் சிலைக்கும் ஆறடிச் சிலைக்கும் ஒரே மடிப்பு. வகுப்பில் விகிதம் நடத்தும்போது எத்தனை முறை மாம்பழம், ஆரஞ்சுப் பழம் என்று கணக்குப் போட்டிருப்பேன்! ஒரு காகிதக் கீற்று போதுமாயிருந்திருக்கிறது.

மகன் என்னை அடுத்த தெருவுக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு ஷெட்டில் கணினியில் ஓடும் செதுக்கு இயந்திரம். கதவுப் பலகையில் பூ வேலையை அது ஒரு பகலில் முடித்துவிடுகிறதாம். கையால் என்றால் அவருக்கு நாலு நாள். இயந்திரத்துக்கும் இன்றைக்குக் குங்குமம் வைத்திருந்தார்கள். "வாங்கலாமான்னு யோசிக்கிறேன் டீச்சர். அப்பாகிட்ட இன்னும் சொல்லல." அவர் பையன் ஆத்தூரில் பாலிடெக்னிக் படிக்கிறான், பட்டறைப் பக்கம் வருவதில்லை. வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? மாதச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஆனால் அந்தப் பலகையில் விரலை ஓட்டிப் பார்த்தேன். பள்ளங்களின் அடியில் எல்லாம் ஒரே மாதிரியான வரி வரியான தடம். அதைக் கடைசியில் கையால்தான் சீவி எடுக்கிறார்கள். இயந்திரம் வரட்டும். அந்தக் கடைசிச் சீவலுக்கு ஆள் வேண்டும் என்பதற்காகவாவது இந்தப் பையன்களுக்கு உளி பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். என் அப்பா படித்த அரசுப் பள்ளியில் வாரம் இரண்டு பிரிவேளை தச்சு வகுப்பு இருந்தது. அவர் செய்த முக்காலி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அது ஏன் நின்றது என்று எனக்கு இன்றைக்கு ரொம்பவே கோபமாக இருந்தது.

அக்டோபர் 2, வியாழன்: விஜயதசமி

பூஜை பிரித்ததும் பெரியவர் ஒரு தூங்குமூஞ்சி மரப் பலகையில் பென்சிலால் பிள்ளையார் சுழி போட்டார். "இதுல ஒரு வெட்டு வெட்டிட்டு உலைக்குப் போங்க. இன்னிக்கு ஆரம்பிச்சா நிக்காது." அவருடைய உளியைக் கொடுத்தார். வெட்டினேன். ஒரே ஒரு சீவல், சுருண்டு மேலே வந்தது.

உலையில் இன்று எல்லாமே நிதானம். அடிப்பது, சாம்பலில் புதைப்பது, அரம் போடுவது எல்லாம் செவ்வாய்க்கிழமை போலவே. தோய்ச்சல் நேரம் வந்ததும் ஒரு காந்தத்தைக் கம்பியில் கட்டி எடுத்து வந்தேன். இரும்பு 770 டிகிரி வாக்கில் காந்தத்தை இழுப்பதை விட்டுவிடும். அதற்குக் கொஞ்சம் மேலே போனால் தோய்ச்சலுக்குச் சரியான சூடு. கோவைப்பழ நிறம் என்று கொல்லர் சொன்ன நொடியும், அதற்குச் சற்று முன் காந்தம் ஒட்டாமல் வழுக்கியதும் பொருந்தி வந்தன. கொல்லருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "என் கண்ணு கரெக்ட்டுன்னு காந்தமே சொல்லுது பாரு" என்று மனைவியிடம் இரண்டு முறை சொன்னார். இந்தக் கண் ஒரு நாளில் வந்தது இல்லை. ஈரோடு பக்கம் கொடுமணலில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய இரும்பு உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அங்கேயும் யாரோ நிறம் பார்த்துத்தானே எடுத்திருப்பார்கள்.

வாயை மட்டும் விரற்கடை ஆழம். ஒரே இடத்தில் நிறுத்தாமல் மேலும் கீழுமாக லேசாக ஆட்ட வேண்டும். நிறுத்தினால் நீர்மட்டக் கோட்டிலேயே விரிசல் விழும். எடுத்தவுடன் செங்கல் துண்டில் ஒரு தேய். இரும்பு வெள்ளையாக மின்னும். மேலே மிச்சமிருக்கிற சூடு வாய்ப்பக்கம் இறங்கிவர, அந்த வெள்ளையின் மேல் நிறம் நடந்து வருகிறது. முதலில் வைக்கோல் நிறம், அதன் பின்னால் தேன் நிறம், அதற்கும் பின்னால் புறாக்கழுத்து ஊதா. வைக்கோல் நிறம் முனையைத் தொடும்போது மறுபடி நீரில் போட்டு நிறுத்திவிட வேண்டும். விட்டுவிட்டால் ஊதா வந்துவிடும், உளி மிருதுவாகிவிடும். வைக்கோல் என்றால் சுமார் 230 டிகிரி, ஊதா 280 டிகிரி. அந்த ஐம்பது டிகிரி கண்முன்னால் நாலு விநாடியில் ஓடுகிறது.

போட்டேன். சத்தம் இல்லை. கோடு இல்லை.

கொல்லர் அரத்தை வாயில் வைத்து இழுத்தார். கண்ணாடியில் இழுத்த மாதிரி வழுக்கியது. அந்தம்மா என் தோளைத் தட்டி, வேலை ஆரம்பித்து இன்றுதான் முதன்முதலாகச் சிரித்தார். கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு இரண்டு உளிக்கும் சேர்த்து 350 என்றார்கள். 500 கொடுத்தேன். மீதி 150-ஐ எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

சாயங்காலம் கைப்பிடி. கருவேல மரம், முனைக்குப் பழைய குழாயில் அறுத்த பூண். வாலைச் சூடாக்கித் துளைக்குள் இறக்கும்போது கிளம்பிய புகை வாசனை சட்டையில் இன்னும் இருக்கிறது.

அக்டோபர் 3, வெள்ளி: தாமரை

எட்டிதழ்த் தாமரை, சாண் அகலப் பலகை. தூங்குமூஞ்சி மரம் ஈரமாக இருக்கும்போதே செதுக்கலாம், காயும்போது அவ்வளவாகச் சுருங்குவதில்லை. பழகுகிறவர்களுக்கு இதைவிட இரக்கமான மரம் இல்லை. தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்து நம் சாலையோரம் நிழல் தருகிற மரம் இது. விழுந்த பிறகு இங்கே விநாயகராகிறது.

முதல் இதழ் பகல் பன்னிரண்டு வரை. இதழின் ஒரு பக்கம் வெண்ணெய் மாதிரி வருகிறது, அடுத்த பக்கம் திரும்பியதும் மரம் பிய்கிறது. "நார் எங்க போகுதுன்னு பாருங்க. முடிய எதிர்ப்பக்கமா சீவுனா சிக்கு விழும்ல, அதேதான்." உளியைத் திருப்பாமல் நான் பலகையின் அந்தப் பக்கம் போய் நின்றேன். சரியானது. நாள் முழுக்கத் தாமரையைச் சுற்றி வந்துகொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு இடது கட்டைவிரல். பிடிக்கிற கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று திங்கள்கிழமையிலிருந்து சொன்னதுதான். நன்றாகத் தீட்டிய உளி என்பதால் வலி தெரியவில்லை, ரத்தம் பார்த்துத்தான் தெரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு தையல், ஒரு ஊசி. தையல் போட்ட செவிலியர், "எந்தப் பட்டறை?" என்று கேட்டுவிட்டு, "அவங்க பேரனுக்கும் நாந்தான் போட்டேன்" என்றார்.

திரும்பி வந்தபோது பெரியவர் என் உளியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் ஒரு நெளிசல்கூட இல்லை. "தோய்ச்சல் நல்லா விழுந்திருக்குது" என்றார். விரல் வலி அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

அக்டோபர் 4, சனி: புரட்டாசிச் சனிக்கிழமை

உக்கிர கதலி நரசிம்மர் கோயிலில் காலையில் நிற்க இடமில்லை. துளசி மாலை, நெற்றியில் நாமம், தெருவெங்கும் கோவிந்தா. அம்மா என்னை வரிசையில் தன் முன்னால் நிறுத்திக்கொண்டார். பிரசாதம் புளியோதரை, தொன்னையில், மிளகாய் தூக்கலாக. மண்டபத்து ஓரத்தில் நின்ற ஒரு வாகனத்தின் பாதத்தைக் காட்டி, "அந்த நகம் மூணும் எங்க மாமனார் வெட்டுனது" என்றார். நகத்தைத்தான் முதலில் சொன்னார், வாகனத்தைச் சொல்லவில்லை.

பிற்பகலில் ஒற்றைக் கையோடு இரண்டாவது இதழை முடித்தேன். மகன் பலகையைப் பிடித்துக்கொண்டார்.

அக்டோபர் 5, ஞாயிறு: அரும்பாவூர் வழியே

திரும்பும்போது பெரம்பலூர் வழியைத் தேர்ந்தெடுத்தேன், அரும்பாவூரைப் பார்ப்பதற்காக. பச்சைமலை அடிவாரத்து ஊர், இதே தொழில். இங்கத்து மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பட்டறையில் பலகையில் கிடந்த உளிகளை என்னை அறியாமல் முதலில் பார்த்தேன், சிலைகளை அப்புறம். அங்கிருந்த அண்ணனிடம் என் உளியைக் காட்டினேன். நகத்தால் வாயைத் தட்டிச் சத்தம் கேட்டார், பூணைத் திருப்பிப் பார்த்தார். "பிடி கொஞ்சம் தடிமன். உங்க கைக்கு இங்க ஒரு நூல் குறைக்கணும்" என்று சொல்லி, கேட்காமலே அரத்தை எடுத்து மூன்று இழுப்பு இழுத்துக் கொடுத்தார். சரியாகக் கொப்புளம் இருந்த இடம்.

சின்ன வெங்காயம் சாலையோரம் மூட்டை மூட்டையாக. ஐந்து கிலோ வாங்கினேன், 200 ரூபாய்.

பையில் வெங்காயம், கொட்டாப்புளி, தாமரைப் பலகை, துணியில் சுற்றிய இரண்டு உளி. விரிசல் விட்டதை நீளம் குறைத்து, மரத்தில் கோடு கீறும் கத்தியாக்கிக் கொடுத்திருக்கிறார் கொல்லர். பலகையில் ஆறு இதழ் பாக்கி. அரையாண்டு விடுமுறைக்கு வருவதாகப் பெரியவரிடம் சொல்லியிருக்கிறேன். "அதுவரைக்கும் பலகைய ஈரத் துணியில சுத்தி, நிழல்ல வைங்க" என்றார்.